பாடம் செய்த பக்ஷிகள்

தமிழில் 'பாடம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உருப்போடுவதும் பாடம். இறந்த பிராணியின் தோலை உரித்து, மருந்திட்டு, உயிருள்ளது போலவே நிறுத்தி வைப்பதும் பாடம். முதல் பாடத்தைக் கற்பிப்பதே தொழிலாகக் கொண்ட ஓர் உபாத்தியாயருக்கு இரண்டாவது பாடத்தின் மீதும் ஒரு கண் விழுவதில் ஆச்சரியமில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் அசையாமல் நிற்கும் ஒரு மீன்கொத்தியைப் பார்த்துவிட்டு வருகிற பையன், மறுநாள் ஏரிக்கரையில் அதே பக்ஷியைத் தானாகவே கண்டுபிடித்துப் பெயர் சொல்லுகிறான். புஸ்தகத்துப் படம் அவ்வளவு சுலபத்தில் அந்த வேலையைச் செய்வதில்லை.

சென்னை எழும்பூரிலுள்ள காட்சிசாலையை நம் பாட்டனார் காலத்து ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகங்களை உயிரோடு வைத்திருந்த இடத்துக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். இரண்டுக்கும் மூலபுருஷர் ஒருவரே. 1851-ஆம் ஆண்டில் ஆரம்பமான காட்சிசாலைக்கு முதல் அதிகாரியாக இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்னும் வைத்தியர், 1855-இல் அதே தோட்டத்தில் மிருகசாலையையும் தொடங்கினார். உயிர் காலேஜ் பின்னர் இடம் மாறி, 1985 முதல் வண்டலூரில் விஸ்தாரமாக நடைபெறுகிறது. செத்த காலேஜ் மட்டும் எழும்பூரை விட்டு நகரவில்லை. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பக்ஷிகளைப் பார்த்துப் 'பாவம்' என்று சொல்லாத பாட்டியும் இல்லை. 'அப்பா, இதற்கு உயிர் இருக்கிறதா?' என்று கேட்காத குழந்தையும் இல்லை.

கண்ணாடிக் கூண்டின் மோகம்

பாடம் செய்த பக்ஷிகளைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து வீட்டுக் கூடத்தை அலங்கரிக்கும் வழக்கம் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியின் காலத்தில் ஒரு பித்தாகவே பரவிற்று. 1851-ஆம் ஆண்டு லண்டனில் மகா கண்காட்சி நடந்தபோது, நியூகாஸில் நகரத்து ஜான் ஹான்காக் என்பவர் பாடம் செய்து வைத்திருந்த பக்ஷிகள் பார்ப்போரைப் பிரமிக்கச் செய்தன. அதே வருஷத்தில் ஜான் கூல்ட் என்பவர் அந்நகரத்து மிருகசாலையில், தேன் அருந்தும் சின்னஞ்சிறு அமெரிக்கப் பக்ஷிகளைக் கூண்டு கூண்டாக அடுக்கி ஆறு பென்ஸ் கட்டணம் வசூலித்தார். 75,000 பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள்.

அதற்குப் பின் கனவான்களின் வீடுகளில் கணப்பு மாடத்தின் மேல் ஒரு கண்ணாடிக் குவிமாடமும், அதனுள் வர்ண வர்ணமான பக்ஷிகளும் இல்லாவிட்டால் குறைவு என்றாகிவிட்டது. நம் நாட்டுக்கு வந்த துரைமார்களும் அந்த ருசியைக் கூடவே கொண்டுவந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சமஸ்தானாதிபதிகளும் ஜமீன்தார்களும் கற்றுக்கொண்டார்கள். சுமார் 1900-ஆம் ஆண்டில் மைசூரில் தொடங்கிய வான் இஞ்ஜென் கம்பெனி, அந்நூற்றாண்டின் இறுதி வரையில் அரண்மனைகளுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் ஆயிரமாயிரமாகப் புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்து கொடுத்துக் கீர்த்தி பெற்றது.

அந்தக் காலத்துக் கூண்டுகள் இன்று மேல்நாடுகளில் பழம்பொருளாக ஏலத்துக்கு வருகின்றன. அவற்றைத் தேடித் திரட்டுவோர் அநேகர். மரச்சட்டத்தின் வேலைப்பாடு, பின்திரையில் தீட்டிய ஓவியம், மூலையில் ஒட்டிய தொழிலாளியின் சீட்டு ஆகிய இவற்றைப் பொறுத்து விலை ஏறுகிறது. பக்ஷிகளை நேசிப்பவருக்கு இதில் சங்கடம் உண்டு. ஒவ்வொரு கூண்டும் ஒரு கொலையின் சாட்சி. பெண்களின் தொப்பியில் செருகும் இறகுக்காகவும் அந்நாளில் கோடிக்கணக்கான பக்ஷிகள் மடிந்தன. 1902-இல் இந்திய ஸர்க்கார் இறகு ஏற்றுமதியைத் தடை செய்ய வேண்டிய அளவுக்கு அந்த வியாபாரம் மிஞ்சிப்போயிற்று. இருந்தும், கொன்று வைத்தவர்களின் நோக்கம் எதுவாயினும், வைக்கப்பட்ட பக்ஷியை இன்று நாம் என்ன செய்வது என்பது தனிக் கேள்வி.

பாடம் செய்யும் விதம்

வேலை பார்ப்பதற்கு எளிதுபோல் தோன்றும், கைக்கு எளிதன்று. பக்ஷியின் மார்பெலும்பிலிருந்து கீழ்நோக்கிச் சிறிதாகக் கீறி, உள்ளுடலைத் தோலிலிருந்து மெல்லக் கழற்றுவார்கள். மண்டையோடும் அலகும், இறக்கை எலும்புகளும், கால் எலும்புகளும் தோலோடு தங்கும். சதை, மூளை, கண், நாக்கு எல்லாம் நீக்கப்படும். பின்பு தோலின் உட்புறத்தில் மருந்து தடவி, பஞ்சு அல்லது சணல் நாரைக் கொண்டு உடலின் உருவத்தைச் செய்து உள்ளே வைத்துத் தைப்பார்கள். காலுக்குள் கம்பி செலுத்திக் கிளையில் நிறுத்துவார்கள். கண்ணுக்குக் கண்ணாடிக் குண்டு. செத்த பின் அலகும் காலும் நிறம் மங்கிவிடுமாதலால் அவற்றுக்கு வர்ணம் தீட்டுவதும் உண்டு.

மருந்து என்றோமே, அது பெரும்பாலும் பாஷாணம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து மெட்ஸ் நகரில் வாழ்ந்த பெகூர் என்ற மருந்து வியாபாரி, பாஷாணத்தைச் சோப்புடன் கலந்து ஒரு பக்குவம் கண்டுபிடித்தார். அதற்கு முன் எவ்வளவு அழகாகச் செய்த பக்ஷியும் சில வருஷங்களில் பூச்சி அரித்துப் பொடியாகிவிடும். இந்தப் பக்குவம் வந்த பின் பக்ஷிகள் நூறு வருஷம், இருநூறு வருஷம் நின்றன. நஞ்சும் அவற்றோடு நின்றது. பழைய கூண்டைத் திறப்பவர் இதை மறக்கலாகாது.

கூடத்தில் நிற்கும் பக்ஷியைத் தவிர வேறொரு விதமும் உண்டு. அதற்குக் கம்பியும் இல்லை, கண்ணாடிக் கண்ணும் இல்லை. பஞ்சு திணித்த தோல், மல்லாந்து கிடக்கும், இறக்கை மூடியிருக்கும், கால்களைச் சேர்த்துக் கட்டி அதில் ஒரு சிறு சீட்டுத் தொங்கும். எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் எடுத்தது, ஆணா பெண்ணா என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்கும். இவற்றை இழுப்பறைகளில் வரிசை வரிசையாக அடுக்கி இருட்டில் வைத்திருப்பார்கள். பார்வைக்கு ஒன்றும் அழகில்லை. ஆனால் சாஸ்திரிகள் கடல் கடந்து போய்ப் பார்ப்பது இவற்றைத்தான்.

காங்கிரஸின் தந்தையும் பக்ஷிகளும்

நம் தேசிய சரித்திரத்தில் ஆலன் அக்டேவியன் ஹியூம் என்ற பெயரை அறியாதார் இல்லை. 1885-ஆம் ஆண்டு டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபைக்கு அவரே சூத்திரதாரி. அதே மனிதர், அக்காலத்தில் இந்தியப் பக்ஷிகளைப் பற்றி உலகத்திலேயே அதிகம் அறிந்தவராக இருந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

ஸர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டே நாடெங்கும் ஆட்களையும் நண்பர்களையும் நியமித்துப் பக்ஷிகளைச் சேகரித்தார் ஹியூம். சிம்லாவில் ராத்னி காஸில் என்ற தம் மாளிகையில் அவற்றைப் பாதுகாத்தார். 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்ற சஞ்சிகையையும் நடத்தினார். இந்தியப் பக்ஷிகள் எல்லாவற்றையும் பற்றி ஒரு மகாகிரந்தம் எழுத உத்தேசித்து இருபத்தைந்து வருஷம் குறிப்புகள் எழுதிக் குவித்திருந்தார். 1884-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் சிம்லாவில் இல்லாத சமயம், அந்தக் கையெழுத்துப் பிரதிகளை வேலைக்காரன் ஒருவன் கடைத்தெருவில் பழைய காகித விலைக்கு விற்றுவிட்டான்! ஒரு மனிதரின் கால் நூற்றாண்டு உழைப்பு மளிகைப் பொட்டலமாயிற்று.

மனமுடைந்த ஹியூம் தம் சேகரம் முழுவதையும் லண்டன் பிரிட்டிஷ் காட்சிசாலைக்குத் தானமாக அளிக்க இசைந்தார். பௌட்லர் ஷார்ப் என்ற பக்ஷி சாஸ்திரி 1885-இல் சிம்லாவுக்கு நேரில் வந்து, தேவதாருப் பெட்டிகளில் அவற்றைக் கட்டி எடுத்துச் சென்றார். தோல்களும் முட்டைகளுமாகச் சுமார் 82,000. இப்படியாக, நம் மகாசபை பிறந்த அதே வருஷத்தில் நம் பக்ஷிகள் கப்பலேறின. அவை இன்று இங்கிலாந்தில் டிரிங் என்ற ஊரில் இருக்கின்றன. ஓர் இந்தியப் பக்ஷிக்கு முதன்முதல் பெயரிடப்பட்ட மூல மாதிரியைக் காண விரும்பும் தமிழ் மாணவன், பெரும்பாலும் அங்கேதான் போக வேண்டும்.

ஹியூமுக்கு நாம் நன்றி சொல்வதா, குறை சொல்வதா? பிரம்மஞானத்தில் ஈடுபட்ட பின் அவர் மாமிசத்தை விட்டார். பக்ஷிகளைக் கொல்வதையும் வெறுத்தார். அக்கால இந்தியாவில் இவ்வளவு பெரிய சேகரத்தை மழையிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காக்கக்கூடிய ஸ்தாபனம் எத்தனை இருந்தது என்றும் யோசிக்க வேண்டும். அவருடைய சேகரத்திலேயே பல்லாயிரம் கெட்டுப்போய் முன்னமே எறியப்பட்டன. ஆகவே கோபம் கொள்வதைவிட, அவை பிழைத்திருப்பதைப் பற்றிச் சந்தோஷப்படுவதே நியாயம். ஆனால் நம்மிடம் எஞ்சியுள்ளவற்றை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

சீட்டின் மகிமை

காலில் கட்டிய சீட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கதை சொல்லலாம்; கதையாயினும் முழுவதும் நடந்தது.

மத்திய இந்தியாவில் கிடைத்த ஒரு சிறு ஆந்தைக்கு 1873-இல் ஹியூம் பெயரிட்டார். அதைக் கானகச் சிற்றாந்தை என்று சொல்லலாம். உலகக் காட்சிசாலைகள் அனைத்திலும் அதன் தோல்கள் ஏழே ஏழு. அவற்றுள் கடைசியானது, ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற பிரசித்தி பெற்ற ராணுவ அதிகாரி 1914-இல் குஜராத்தில் எடுத்ததாகச் சீட்டு இருந்தது. அதை நம்பித் தேடியவர்களுக்கு அங்கே ஆந்தை அகப்படவில்லை. பக்ஷி இனமே அழிந்தது என்று முடிவு கட்டினார்கள்.

அமெரிக்கப் பக்ஷி சாஸ்திரியான பமேலா ராஸ்முஸ்ஸென் என்ற அம்மையார் அந்தத் தோலைத் துருவி ஆராய்ந்தார். தையலையும், உள்ளே திணித்திருந்த பஞ்சையும் பார்த்தபோது, அது 1880-களில் டேவிட்ஸன் என்பவர் கையால் பாடம் செய்யப்பட்ட தோல் என்பது வெளிப்பட்டது. காட்சிசாலையிலிருந்து அதைத் திருடி, பிரித்துத் திரும்பத் தைத்து, பொய்ச் சீட்டுக் கட்டியிருந்தார் அந்தப் பெரிய மனிதர்! பொய்யை ஒதுக்கிவிட்டு, உண்மையான பழைய சீட்டுகளில் கண்ட பிரதேசங்களில் தேடப் போன அம்மையாரும் நண்பர்களும், 1997-ஆம் ஆண்டு நவம்பரில் மகாராஷ்டிரத்தில் ஷகாதா என்ற ஊருக்கருகே அந்த ஆந்தையை உயிருடன் கண்டார்கள். ஒரு பொய்ச் சீட்டு ஒரு பக்ஷி இனத்தையே பல்லாண்டுகள் மறைத்து வைத்தது. மெய்ச் சீட்டு அதைத் திரும்பக் கொடுத்தது.

நமக்குச் சமீபத்திலும் ஓர் உதாரணம் உண்டு. சென்னை ராஜதானியில் வைத்தியராக இருந்த ஜெர்டன் கண்டறிந்த ஒரு பக்ஷி, புதர்க்காட்டில் இரவில் ஓடித் திரியும் இயல்புடையது. 1900-க்குப் பின் அதை எவரும் பார்க்கவில்லை. 1986 ஜனவரியில் ஆந்திர தேசத்துக் கடப்பைக் காட்டில் அது மீண்டும் அகப்பட்டது. அதன் முட்டை எப்படியிருக்கும் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாதிருந்தது. 2013-இல் ஸ்காட்லாந்தில் அபர்டீன் சர்வகலாசாலையின் பழைய முட்டைச் சேகரத்தில் ஒரே ஒரு முட்டை வெளிவந்தது. காட்சிசாலைத் தோலோடு ஒப்பிட்டுப் பரீக்ஷித்து, அது இப்பக்ஷியினுடையதே என்று ருசுப்படுத்தினார்கள். 1917-இல் அது எடுக்கப்பட்ட இடம், நம் எல்லைக்கு அப்பால் அருகிலேயே உள்ள கோலார் தங்கவயல் பிரதேசம்.

பழைய தோல் இன்னும் பல சேதிகளைச் சொல்லும். அமெரிக்காவில் 135 வருஷங்களில் சேகரித்த 1,300-க்கு மேற்பட்ட பக்ஷிகளின் இறகில் படிந்த கரியை அளந்து, எந்தக் காலத்தில் காற்று எவ்வளவு புகை படிந்திருந்தது என்று 2017-இல் கணக்கிட்டார்கள். பூச்சிமருந்தால் ராஜாளிகளின் முட்டையோடு மெலிந்துவிட்டது என்பதை 1967-இல் இங்கிலாந்தில் நிரூபித்ததும், முட்டை திரட்டுவோரின் பழைய பெட்டிகளைக் கொண்டுதான். பெட்டியை அடைத்து வைத்தவர்கள் இவை எதையும் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள்.

நம் மலைகளின் பக்ஷிகள்

பாப்பாரப்பட்டி போன்ற ஊர்க்காரர்களுக்கு இதிலெல்லாம் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. தர்மபுரி 1965 வரையில் சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. நியூயார்க்கில் பழம்பொருள் வியாபாரம் செய்து செல்வம் சேர்த்த ஆர்தர் வெர்னே என்பவர் பணம் கொடுக்க, 1929-இல் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பக்ஷிகளைப் பற்றிய ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கிற்று. பம்பாய் இயற்கைச் சரித்திர சங்கத்தைச் சேர்ந்த லா பெர்சோன் என்பவர் சேர்வராயன் மலையிலும் சித்தேரி மலையிலும் பக்ஷிகளைச் சேகரித்தார். விஸ்லரும் கின்னியரும் அவற்றை ஆராய்ந்து சங்கத்தின் சஞ்சிகையில் வரிசையாக எழுதினார்கள். அன்று நம் மலைகளில் எந்தப் பக்ஷி, எந்த உயரத்தில், எந்த மாதத்தில் இருந்தது என்பதற்கு அந்தத் தோல்களும் சீட்டுகளுமே சாட்சி. இன்று அரூர்ப் பக்கத்தில் ஒரு பக்ஷி அருகிவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், அன்று இருந்தது என்று காட்ட வேண்டுமல்லவா?

அந்தப் பம்பாய்ச் சங்கம் 1883-இல் எண்மரால் தொடங்கப்பட்டது. அவருள் ஆத்மாராம் பாண்டுரங்கர், ஸகாராம் அர்ஜுன் என்ற இருவர் நம்மவர். 1908-இல், தாம் சுட்ட மஞ்சள் தொண்டைக் குருவி இன்னதென்று அறியாமல் அங்கே போன பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு, சங்கத்தின் காரியதரிசி மில்லார்ட் இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்த குருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் பக்ஷி சாஸ்திரத்துக்கே ஆசானாக விளங்கிய ஸாலிம் அலி. ஒரு பெரியவர் பொறுமையோடு திறந்த பெட்டி ஒரு மேதையை உண்டாக்கிற்று.

இழந்ததும் இழக்கலாகாததும்

2016 ஏப்ரல் 26-ஆம் தேதி, டில்லியிலிருந்த தேசிய இயற்கைச் சரித்திரக் காட்சிசாலை தீக்கிரையாயிற்று. பாடம் செய்த பிராணிகள் பல சாம்பலாயின. தீ ஒரே இரவில் செய்ததை, ஈரமும் வெயிலும் பூச்சியும் எத்தனையோ பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் மெல்ல மெல்லச் செய்துகொண்டிருக்கின்றன. விஞ்ஞான அறையின் மூலையில், ஒரு கண் உதிர்ந்த ஆந்தையோ வால் உதிர்ந்த பனங்காடையோ தூசி படிந்து நின்றால், சுண்ணாம்பு அடிக்கும் சமயத்தில் அதைக் குப்பையில் போட்டுவிடுவது சகஜம். அதன் அடிப்பலகையில் ஒட்டிய சீட்டை எவரேனும் படித்துப் பார்த்தார்களா? எழுபது எண்பது வருஷத்துக்கு முன் இந்த ஜில்லாவில் எடுத்த பக்ஷியாக இருந்தால், அதன் மதிப்பு அந்த அறையிலுள்ள மேஜை நாற்காலிகளைவிட அதிகம்.

வீட்டிலோ பள்ளியிலோ இத்தகைய கூண்டு இருப்பவர்கள் சில விஷயங்களை அனுசரிக்க வேண்டும். முதலாவது, வெறுங்கையால் தொடக்கூடாது. துணியால் தட்டித் தூசி போக்கவும் கூடாது. பாஷாணத் தூள் மூச்சில் கலக்கும். குழந்தைகளை நெருங்கவிடாமல் கூண்டை மூடியபடியே வைத்திருப்பது உத்தமம். இரண்டாவது, வெயில் படும் ஜன்னலருகில் வைத்தால் நிறம் வெளுத்துவிடும்; ஈரச் சுவரருகில் வைத்தால் பூசணம் பிடிக்கும். மூன்றாவது, சீட்டை ஒருபோதும் பிரிக்கலாகாது. சீட்டு இல்லாவிட்டால், பாட்டனார் எங்கே வாங்கினார், யார் சுட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை இன்றே எழுதி வைக்க வேண்டும். கேள்வி என்பதைக் கேள்வி என்றே எழுத வேண்டும். மைனர்ட்ஸ்ஹாகன் துரையின் வழி நமக்கு வேண்டாம்.

நான்காவது, சட்டம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாடம் செய்த பிராணியும் அச்சட்டத்துக்கு உட்பட்டதே. உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற மயில் முதலியவற்றை உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். சான்றிதழ் இருந்தாலும் விற்கக்கூடாது. பரம்பரையாகக் கைக்கு வந்தால் 90 நாளுக்குள் வன இலாகாவுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். வேண்டாதவர்கள் தாமே ஒப்படைக்கவும் 2022-இல் செய்த திருத்தம் வழி வகுத்திருக்கிறது. எனவே மேல்நாட்டாரைப்போல் இவற்றை விலைக்கு வாங்கிச் சேர்க்கும் ஆசை நம் நாட்டில் ஆகாது. அது ஒரு விதத்தில் நல்லதே. விலை என்று ஒன்று ஏற்பட்டால், பழைய கூண்டுக்குள் புதிய பக்ஷி வந்து உட்கார வெகு நாளாகாது.

விற்க முடியாது என்பதற்காக எறிந்துவிட வேண்டியதில்லை. வன இலாகாவுக்குத் தெரிவித்து, சீட்டோடும் வரலாற்றோடும் ஸர்க்கார் காட்சிசாலையில் சேர்ப்பிக்கலாம். எழும்பூரில் இடமுண்டு. கோயம்புத்தூரில் 1902-இல் காஸ் துரை நிறுவிய வனக் காட்சிசாலையும் உண்டு. பள்ளிக்கூடங்கள் தங்களிடம் உள்ளவற்றைப் பட்டியல் எழுதுவதை ஒரு விடுமுறை வேலையாக வைத்துக்கொண்டால், ஒரு ஜில்லாவின் பக்ஷிச் சரித்திரத்தில் பல ஏடுகள் திரும்பக் கிடைக்கும். அதற்குச் செலவு ஒரு நோட்டுப் புஸ்தகமும் ஒரு பென்ஸிலும்தான்.

பாப்பாரப்பட்டிக்கு யாத்திரையாக வருகிறவர்கள் சுப்பிரமணிய சிவா அவர்களின் நினைவிடத்தைத் தரிசித்துச் செல்கிறார்கள். 1925 ஜூலை 23-இல் அப்பெருமகனார் கண்மூடிய மண் இது. பாரதமாதாவுக்கு இங்கே ஆலயம் எழுப்ப வேண்டுமென்று ஆசை கொண்டவர் அவர். மாதாவின் மக்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது மனிதரை மட்டும் எண்ணுவது போதாது. இந்தப் புளியந்தோப்பிலும் ராகி வயலிலும் கூவுகிற ஜீவன்களும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இறந்தவற்றின் சீட்டைக் காப்போம். இருப்பவற்றுக்கு மரத்தையும் ஏரியையும் காப்போம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், கண்ட பக்ஷிகளின் பெயரைத் தேதியோடு எழுதி வையுங்கள். துப்பாக்கியும் பாஷாணமும் இன்றியே அதுவும் ஒரு நல்ல சீட்டாகும். நூறு வருஷத்துக்குப் பின் வருகிறவர்களுக்குப் பயன்படும்.